சொருகுபெட்டி

நோட்டரி பௌஸ்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:
"ஆசிலோஸ்கோப் ஒன்றுதானே,
எதற்கு இரண்டு வரியில் எழுதியிருக்கிறீர்கள்?"
ஒன்றுதான், ஆனால் இரண்டு, என்றேன்.
பெரியது ஏபலெவுக்கு.
முப்பது கிலோ, தள்ளுவண்டியும் சேர்த்து.
அதன் இடது கீழ்ப்பக்கம் சொருகுகிற பெட்டி
எனக்கு. ரொட்டி டப்பா அளவு.
அவர் எழுதிக்கொண்டார்.
படகு ஒருவருக்கு, துடுப்பு ஒருவருக்கு என்றெல்லாம்
பிரித்துக் கொடுத்துப் பழகிய கை.

நாலு வருஷம்
என் அலமாரியில் காப்பித்தூளுக்கும் உப்புக்கும் நடுவே
முதுகில் பதினாறு பித்தளை நாக்கு இருந்தும்
அது வாயைத் திறக்கவில்லை.
அங்கே பெரியது
திறந்த வாய் திறந்தபடி கிடந்ததாம்.
அந்த ஓட்டைக்குள் பூனை
இரண்டு ஈடு குட்டி போட்டதாம்.

எழுபத்தொன்பது சனவரி. கால்வாயெல்லாம் கல்.
சறுக்குத் திடலின் ஒலிபெருக்கி
ஐந்து நாளாக உறுமிக்கொண்டிருந்தது.
ஞாயிற்றுக்கிழமை பந்தயம்.
ஓடுகிறவன் பேரைச் சொன்னால்
எருமை கனைப்பது போல் கேட்கும்.
ஏபலெ போன் செய்தான்.
சுகமா என்று கேட்கவில்லை.
"உன் பெட்டி இன்னும் இருக்கா?"

துண்டில் சுற்றி, சைக்கிள் கூடையில் வைத்து,
ஏறாமல்
தள்ளிக்கொண்டே போனேன் கரை நெடுக.
காற்று காதை அறுத்தது.
கூடைக்குள் வால்வுகள்
பல்லைக் கடித்துக்கொண்டு வந்தன.

அவன் பூனைமயிரை ஊதித் தள்ளினான்.
நான் சொருகி,
அடியிலிருக்கும் திருகை முடுக்கினேன்.
எத்தனை சுற்று என்று கைக்கு நினைவிருந்தது.
சுவிட்ச்.
மாவு மில் மாதிரி விசிறி கிளம்பியது.
சுடுகிற தூசியின் வாசம்.
ஒவ்வொரு வால்வாகச் செம்மஞ்சள்.
இனி ஒரு நிமிஷம் காத்திருக்க வேண்டும்,
அதற்கு முன்னால் எதையும் காட்டாது.
அந்த ஒரு நிமிஷம் இருக்கிறதே,
அது நாலு வருஷத்தைவிட நீளம்.

டக்.
உள்ளே ரிலே.
பச்சையாக
இரண்டு கோடுகள்.

கீழே சுவர் மின்சாரம்.
மேலே ஒலிபெருக்கியின் உறுமல்.
கீழ் அலை ஒரு தரம் எழுந்து விழுவதற்குள்
மேல் அலை இரண்டு தரம்.
"வடிகட்டிக் கெப்பாசிட்டர்" என்று
இரண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னோம்.
சொல்லிவிட்டு
ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம்.

பார்க்கிறவர்களுக்கு இரண்டு கோடு.
அந்தப் பெட்டியைச் சோப்பு போட்டுக் கழுவி
வெயிலில் காயவைத்தவள் நான், எனக்குத் தெரியும்.
கற்றை ஒன்றே ஒன்றுதான்.
மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை
மாறி மாறி ஓடி
இரண்டு என்று நம்பவைக்கிறது.
வேகத்தைக் குறைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.
குமிழுக்குப் போன அவன் கையை
வேண்டாம் என்றேன்.

புதுக் கெப்பாசிட்டர் போட்டான்.
உறுமல் போய், மேல் கோடு
கால்வாய் மாதிரி உறைந்து நின்றது.
பக்கத் தகட்டைக் கழற்றி எதையோ தேடினான்.
"வெள்ளி கலந்த ஈயம், சின்னச் சுருள்,
பீங்கான் பட்டைகளுக்கென்று உள்ளேயே வைத்திருப்பார்களே,
காணோம். நீ பார்த்தாயா?"
இல்லை என்றேன்.

"உடனே உருவாதே, ஆறட்டும்."
ஆறட்டும் என்றுதான் நானும் நின்றேன்.
காப்பி கொடுத்தான். சர்க்கரை
இரண்டா மூன்றா என்று கேட்டான்.
எனக்கு எப்போதும் ஒன்றுதான்.
திருகைத் தளர்த்தி இழுத்தேன்.
பூனை வந்து
பழைய வீட்டை முகர்ந்து பார்த்துவிட்டு
உள்ளே ஏறிச் சுருண்டது.

திரும்பும்போது நல்ல இருட்டு.
குண்டும் குழியுமான கரையில்
சைக்கிள் விளக்கு ஒரு தரம்கூடக் கண் சிமிட்டவில்லை.
போன குளிர்காலம் அதன் கம்பி அறுந்தது.
பற்றவைத்தது நான்தான்.
நூற்றுக்கு மூன்று பங்கு வெள்ளி.